மாமல்லபுரத்தில் தண்ணீர் பார்க்க

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் செங்கல்பட்டு நெருங்கும்போதே கொளவாய் ஏரி ஜன்னலோரம் விரியும். இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடியுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று ஊரே நம்பும் சங்கு தீர்த்தக் குளம் வழியில்தான். ஆனால் அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். ஏனென்றால், மாமல்லபுரத்தின் ‘அர்ச்சுனன் தபசு’ கிழக்கு பார்த்த சிற்பப் பாறை. காலை வெயிலில்தான் உருவங்கள் எழுந்து நிற்கும்.

பல்லவர்கள் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பாறை அது; அகலம் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒற்றைக் காலில் தவம் செய்பவர் அர்ச்சுனனா, கங்கையை இறக்கிய பகீரதனா என்ற வழக்கைக் கைடுகள் இன்னும் முடிக்கவில்லை. என் ஓட்டு பகீரதனுக்கு. காரணம், நடுவிலுள்ள பிளவு. அதில் நாகர்கள் கைகூப்பியபடி மேலேறுகிறார்கள். பாறையின் உச்சியில் தொட்டி இருந்ததற்கான தடயங்கள் உண்டு. அதை நிரப்பித் திறந்துவிட்டால் பிளவு வழியே அருவி கொட்டியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சிற்பத்துக்கு நடுவே நிஜத் தண்ணீர்!

எல்லோரும் யானைகளையும் தவசிப் பூனையையும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் பிளவுக்கு இடப்பக்கம், கீழே உள்ள சின்னக் கோயிலடியில் கண்ணை வையுங்கள். ஒருவர் குளித்த துணியை முறுக்கிப் பிழிகிறார். இன்னொருவர் தோளில் தண்ணீர்க் குடம். ஆற்றங்கரைக்கு வந்துபோன சாதாரண ஜனங்கள்.

அருகிலேயே தலசயனப் பெருமாள் கோயில். கடலை இறைத்துப் பாற்கடலுக்கு வழி செய்யப் பார்த்த புண்டரீக முனிவருக்காகப் பெருமாள் இங்கே தரையில் படுத்தார் என்பது தலபுராணம். கோயில் குளத்துக்கும் முனிவர் பெயர்தான்: புண்டரீக புஷ்கரணி.

கடற்கரைக் கோயிலுக்குச் சீட்டு வாங்கினால் பத்திரப்படுத்துங்கள். ஐந்து ரதங்களுக்கும் அன்றைக்கு அதுவே செல்லும். கோயிலின் வடபுறம், 1990இல் மணலைத் தோண்டியபோது வெளிப்பட்ட வராகமும் குட்டிச் சன்னதியும் படிகள் சூழ்ந்த ஒரு பள்ளத்துக்குள் இருக்கின்றன. பக்கத்திலேயே கிணறு. அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் கிணறு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கடற்கரை மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரின் மேல் தங்கும். ஆழம் போகாமல் அளவாக எடுத்தால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டால் உப்பு. இந்தக் கரையோர ஊர்கள் அப்படித்தான் குடித்து வந்தன. பதினொரு மணிக்குமேல் பாறைகளில் செருப்பில்லாமல் ஏறாதீர்கள். பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை திரும்புகிறவர்கள் நெம்மேலியில் கடல் பக்கம் பாருங்கள். 2013இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டருக்கானது. 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் சேர்ந்தது. புண்டரீகர் கையால் இறைக்கப் பார்த்த அதே கடல்தான். சுற்றுலாத் தலமல்ல, பஸ்ஸிலிருந்து பார்ப்பதோடு சரி.