சொந்த லினக்ஸ் கட்டப் போகிறீர்களா? முதலில் ஹோஸ்ட்டை முடிவு செய்யுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் படித்து முடிக்கிற பாதிப் பேர் ரெஸ்யூமேவில் ‘லினக்ஸ் தெரியும்’ என்று எழுதுகிறார்கள். எல்லோரிடமும் இருப்பதை வைத்து வேலை வாங்க முடியாது. ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999-ல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ (எல்எஃப்எஸ்) புத்தகம் இலவசம். அதை வைத்து, சோர்ஸிலிருந்து ஒரு சிஸ்டத்தைக் கட்டி பூட் செய்து காட்டுங்கள். இன்டர்வியூவில் பேச்சே மாறும்.

நிறையப் பேர் பாதியில் விடுவது ஹோஸ்ட் தேர்வில்தான். ஹோஸ்ட் என்பது புது சிஸ்டத்தைக் கட்ட நாம் பயன்படுத்தும், ஏற்கெனவே ஓடுகிற லினக்ஸ்; வீடு கட்டப் போடும் சாரம் மாதிரி. வீடு எழும்பியதும் பிரித்துவிடுவோம். ஆனால் ஆடுகிற சாரத்தில் கொத்தனார் ஏறமாட்டார்.

1. புதுசு, பளபளப்பு வேண்டாம். டெபியன் 12 போதும். வாரம் ஒரு அப்டேட் வரும் டிஸ்ட்ரோவில், நடுவில் கம்பைலர் மாறினால் எரர் யாருடையது என்றே தெரியாது. கட்டி முடிக்கும்வரை ஹோஸ்ட்டில் அப்டேட் போடாதீர்கள்.

2. புத்தகத்தில் உள்ள வெர்ஷன் செக் ஸ்கிரிப்ட்டை ஓட்டாமல் ஒரு பேக்கேஜும் தொடாதீர்கள். புத்தகத்தின் 12.4 பதிப்புக்கு ஜிசிசி 5.4, கர்னல் 5.4, பைதான் 3.4 குறைந்தபட்சம். டெபியன், உபுண்டு இரண்டிலும் இடறுகிற இடம் வேறு: ‘எஸ்ஹெச்’ என்ற பெயர் பாஷுக்குப் போகாமல் டாஷுக்குப் போகும். ‘ஆக்’ என்றால் மாக் ஓடும். ஸ்கிரிப்ட் இரண்டுக்கும் எரர் காட்டும். காக், பைசன், எம்4, டெக்ஸ்இன்ஃபோ ஆகியவற்றை இன்ஸ்டால் செய்து, எஸ்ஹெச்சின் லிங்க்கை பாஷுக்குத் திருப்புங்கள். ஏன் திருப்பினோம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் இதைத் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். சொல்லத் தெரிந்தவர் முந்திவிடுவார்.

3. மெஷின். நான்கு கோர், 8 ஜிபி ராம் என்பது புத்தகத்தின் பரிந்துரை. தனிப் பார்ட்டிஷன் 30 ஜிபி ஒதுக்குங்கள். 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக்கின் போஸ் லினக்ஸும் வந்தது; திண்டிவனத்தில் எத்தனையோ வீட்டில் அந்த லேப்டாப் அலமாரியில் கிடக்கிறது. டெபியன் வழி வந்த அந்தப் பழைய போஸை ஹோஸ்ட்டாக எடுக்காதீர்கள். டெபியன் 12-ஐ ஏற்றினால் பழகிக்கொள்ள உதவும், ஆனால் ராம் குறைவு என்பதால் ‘மேக்’ கட்டளைக்கு ஒரே ஜாப் கொடுங்கள். அதிகம் கொடுத்தால் ஜிசிசி நடுவில் ‘கில்டு’ என்று நின்றுவிடும்.

4. விர்ச்சுவல் மெஷின் நல்ல வழி. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். கரன்ட் போனால் அதுதான் காப்பாற்றும்.

5. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் எல்எஃப்எஸ் வேரியபிளை எக்கோ செய்து பாருங்கள். அது காலியாக இருக்கும்போது ரூட்டாக இன்ஸ்டால் கொடுத்தால், ஃபைல்கள் ஹோஸ்ட்டின் மேலேயே போய் விழும்.

விழுப்புரத்தில் விஜிளக் என்ற லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. எரர் லாகோடு போய்க் கேளுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். 2024 பிப்ரவரியில் வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறந்தாயிற்று. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை மெல்ல மாறுகிறது, போட்டியும் நம் ஊருக்கே வருகிறது. இந்த சனிக்கிழமையே ஸ்கிரிப்ட்டை ஓட்டி, வரும் எரரை எல்லாம் நோட்டில் எழுதுங்கள்.