நாளுக்கு இரண்டு ரூபாய்

குஜராத் மாநிலத்தில் உள்ள பெரிய நகரம் அகமதாபாத். அங்கே மாணெக் சௌக் என்ற கடைவீதி இருக்கிறது. தெருவோரம் உட்கார்ந்து பெண்கள் காய்கறி விற்பார்கள்.

1970-களில் அவர்கள் பட்ட பாடு பெரிது. பலர் கையில் முதல் இல்லை. விடிந்ததும் வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்குவார்கள். காய் வாங்கி விற்பார்கள். பொழுது சாய்ந்ததும் 55 ரூபாயாகத் திருப்பித் தருவார்கள். ஒரு நாளைக்கு 5 ரூபாய் வட்டி! மறுநாள் காலை மீண்டும் அதே கடன். வெயிலில் உழைத்தது ஒருவர். பலன் போனது இன்னொருவருக்கு.

கணக்குப் போடுவோம்

அந்தப் பெண்களில் ஒருத்தி தினமும் 2 ரூபாயைத் தனியே எடுத்து வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

25 நாளில் 50 ரூபாய் சேரும்.
26-ஆம் நாள் கடன் வேண்டாம்.
வட்டிக்குப் போன 5 ரூபாய் இனி அவளுக்கே.
30 நாளில் 150 ரூபாய் மிச்சம்.

18 வயதில் இதைச் செய்தால் 18 வயதிலேயே கடனிலிருந்து விடுதலை. 40 வயதில் செய்தால்? 22 ஆண்டுகள் கட்டிய வட்டி போனது போனதுதான்.

பணத்தை எங்கே வைப்பது?

அரிசிப் பானையில் வைத்தால் அவசரத்துக்குக் கை போகும். முந்தானையில் முடிந்தால் வீட்டார் கேட்பார்கள். வங்கிக்குப் போகவோ கூச்சம். கூடையும் அழுக்குப் புடவையுமாய் வந்த பெண்களை அங்கே மதிப்பார் இல்லை.

எலா பட் என்ற பெண்மணி 1972-இல் இப்படிப்பட்ட பெண்களுக்காகச் சங்கம் தொடங்கியிருந்தார். அதன் பெயர் சேவா. ‘நமக்கென்று ஒரு வங்கி வேண்டும்’ என்று சங்கத்துப் பெண்கள் கேட்டார்கள். 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டார்கள். 1974-இல் சேவா கூட்டுறவு வங்கி பிறந்தது.

அதற்கு முன் ஒரு தடை வந்தது. பதிவுத் தாள்களில் கையெழுத்துப் போட வேண்டும். முன்னின்ற பெண்களுக்கோ எழுதத் தெரியாது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. இரவெல்லாம் விழித்துத் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். மறுநாள் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்து அவர்களுக்கு வங்கியின் கதவைத் திறந்தது.

இளமையில் ஏன்?

போட்ட பணம் வட்டி தரும். அந்த வட்டியை எடுக்காமல் விட்டால், வட்டியும் வட்டி தரும். இதுதான் கூட்டு வட்டி.

ஆண்டுக்கு நூற்றுக்கு 6 ரூபாய் வட்டி என்று கொள்வோம். பணம் ஏறத்தாழ 12 ஆண்டில் இரண்டு மடங்காகும். 20 வயதில் ஒருத்தி 1,000 ரூபாய் போடுகிறாள்.

32 வயதில் 2,000 ரூபாய்.
44 வயதில் 4,000 ரூபாய்.
56 வயதில் 8,000 ரூபாய்.

அவள் தோழி அதே 1,000 ரூபாயை 32 வயதில் போடுகிறாள். 56 வயதில் அவளுக்குக் கிடைப்பது 4,000 ரூபாய்தான். பணம் ஒன்றே. காலம்தான் வேறு. பானையில் வைத்த 1,000 ரூபாயோ 1,000 ரூபாயாகவே இருக்கும். விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இன்று என்ன வழி?

இன்று அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாய் முதல் தொடர் வைப்புக் கணக்கில் கட்டலாம். அது 5 ஆண்டுக் கணக்கு. 10 வயது நிறைந்த பிள்ளைகளும் தம் பெயரில் கணக்குத் தொடங்கலாம். வங்கிகளில் 2014 முதல் ஜன்தன் கணக்கு உண்டு. அதில் குறைந்த அளவு இருப்பு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பணம் கட்டியதும் பாஸ்புக்கில் வரவு பதிந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். வாரிசுதாரர் பெயரைப் பதிய வேண்டும். ‘சில மாதத்தில் இரட்டிப்பு’ என்று ஆசை காட்டுபவரிடம் ஒரு ரூபாயும் தரக்கூடாது.

செலவு போக மிஞ்சியதைச் சேர்ப்போம் என்றால் மிஞ்சாது. கூலி கைக்கு வந்ததும் முதலில் சேமிப்பு. பிறகு செலவு.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் 100 ரூபாய்க்கு மாத வட்டி எவ்வளவு?
2. நாளுக்கு 10 ரூபாய் வீதம் ஓர் ஆண்டில் எவ்வளவு சேரும்?
3. உங்கள் வீட்டில் முதலில் கணக்குத் தொடங்க வேண்டியவர் யார்?