கூடுதல் கடனுக்கு முன் ஒரு சோதனை

நாசிக் கிளையில் நான் வாகனக் கடன் பிரிவைக் கவனித்து வந்தபோது, தக்காளி ஏற்றிச் செல்லும் டீசல் பிக்கப்பின் உரிமையாளர் ஒருவர் கூடுதல் கடன் கேட்டு வந்தார். வாகனம் பழையதாக வாங்கப்பட்டது. காலையில் நெடுநேரம் முயன்றால்தான் கிளம்புகிறது. மும்பையிலிருந்து காலிக் கூடைகளுடன் திரும்பும்போதுகூட கசாரா மலைப்பாதையில் இழுவை இல்லை. கரும்புகை வேறு. என்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். வணிகவியல் படித்த எனக்கு அத்தாளில் புரிந்தது கூட்டுத்தொகை மட்டுமே. எனினும், எந்தச் சோதனையின் முடிவும் அதில் குறிக்கப்படவில்லை என்பது கண்ணில் பட்டது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னேன். வங்கிக்கு ஈடாக உள்ள வாகனமாயிற்றே, நானும் உடன் சென்றேன்.

அவர் முதலில் ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் பார்த்தார், அவற்றில் குறையில்லை. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்தார். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில் இருக்கும். இங்கோ எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. ஆகவே, என்ஜினைப் பிரிக்குமுன் டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றினார்.

கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழல, கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுழன்று வால்வுகளைத் திறக்க வேண்டும். இக்கணக்கைக் காப்பது அந்தப் பெல்ட்டே. கிராங்க்கின் குறி சரியாக நின்றபோது, கேமின் குறி ஒரு பல் தள்ளி நின்றது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் தேய்ந்து ஆடியது. பெல்ட் அறுந்திருந்தால் பெரும்பாலான டீசல் என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். அதன் பிறகு ஸ்டார்ட் செய்து பார்ப்பது சேதத்தைப் பெருக்கும்.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது பொய்யான சிக்கனம். டென்ஷனர், துணை உருளைகள், அதே பெல்ட்டில் ஓடும் தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பொருத்தியபின் அந்த மெக்கானிக் சாவியை நாடவில்லை. ஸ்பானரால் கிராங்க்கைக் கையாலேயே முழுதாக இருமுறை சுழற்றி, குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்தார். இடையில் முட்டினால் வலிந்து திருப்பலாகாது. (பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள என்ஜின்களில், குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது கேட்கும் கடகட ஓசையே முதல் எச்சரிக்கை.)

வாசகர்கள் பலர் காப்பீடு உண்டே என்று எண்ணுவர். வழக்கமான மோட்டார் பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. வண்டி பட்டறையில் நின்றாலும் தவணை நிற்பதில்லை. நிலுவை 90 நாட்களைக் கடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். பழைய வாகனம் வாங்குவோர், பெல்ட் மாற்றிய ரசீது இல்லையேல் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

அவர் தமது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். செலவு அவர் கைப்பணத்திலேயே முடிந்தது. கிலோமீட்டர் அளவு குறித்த அந்த ரசீதை ஆர்.சி. புத்தகத்துடன் வைத்திருக்கிறார்.