கடலுக்கும் உண்டு கால அட்டவணை
(அலிபாக் கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)

பள்ளி விடுமுறை வந்தால் மும்பை, தாணே, புணே பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் அலிபாக், நாகாவ், காஷித் கடற்கரைகளுக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. இப்போது கூடாரம் அடித்து இரவு தங்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் புறப்படுமுன் ஒன்றை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். நாம் பிறந்து வளர்ந்த ஊர்க் கடல் வேறு, இந்தக் கடல் வேறு.

சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிய நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதனால் மெரினாவில் விளையாடிய நமக்கு ஏற்றம், இறக்கம் என்பது பாடப்புத்தகச் செய்தி. மும்பைப் பக்கம் நீர்மட்டம் ஒரே நாளில் மூன்று, நான்கு மீட்டர் ஏறி இறங்கும். குஜராத்தின் பாவ்நகரில் பத்து மீட்டரையும் தாண்டும். மேற்குக் கரையின் இந்தப் பகுதியில் கடலடித் தரை நெடுந்தூரத்துக்கு ஆழமின்றி விரிந்து கிடக்கிறது. அதோடு காம்பே வளைகுடா புனல்போல் குறுகிச் செல்வதால், உள்ளே வரும் நீர் உயர்ந்து எழுகிறது.

மராட்டியர் ஏற்றத்தை 'பர்த்தி' என்றும், இறக்கத்தை 'ஓஹோட்டி' என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு சொற்களையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கரையில் நிற்கும் மீனவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இப்போது பர்த்தியா, ஓஹோட்டியா?"

திதிக் கணக்கு

நிலவும் கதிரவனும் கடல்நீரை ஈர்ப்பதால் ஓதம் உண்டாகிறது. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது. அதன் முழு வேகம் ஓரிரு நாள் கழித்துத் தெரியும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் மிதமாக இருக்கும். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். இடையில், ஆறே கால் மணியில் இறக்கம்.

கொங்கண மீனவரிடம் ஓர் எளிய சூத்திரம் உண்டு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றத்தின் மணி கிடைக்கும். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதுவே கணக்கு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினக் காலண்டரில் திதி இருக்கிறதல்லவா? அதுவே போதும்.

உதாரணம்: பஞ்சமி. 5 x 3/4 = 3 3/4. அதாவது விடியற்காலை 3.45-க்கும், மாலை ஏறத்தாழ நாலு மணிக்கும் ஏற்றம். 3.45-உடன் ஆறே கால் மணியைக் கூட்டினால் காலை 10 மணிக்கு இறக்கம்.

இது மும்பை, அலிபாக் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். அரை மணி, ஒரு மணி முன்பின் ஆகலாம். ஒரே நாளில் வரும் இரண்டு இறக்கங்களும் சமமாக இரா. ஆகவே இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையின் நேரத்தையும் உயரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது இவ்விவரம் கைபேசியிலேயே கிடைக்கிறது. வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

பன்னிரண்டில் ஒரு பங்கு

நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் அது முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்காக ஏறும். மொத்தம் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு 30 சென்டிமீட்டர். முதல் மணியில் 30 செ.மீ.தான். "கடல் சும்மாதானே இருக்கிறது" என்று தோன்றும். மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் மணிக்கு 90 செ.மீ.!

மணல் நூற்றுக்கு ஒன்று சரிவு என்று கொள்வோம். ரயில் பாதையில் இது எஞ்சினைத் திணற வைக்கும் சரிவு. மணலிலோ கண்ணுக்கே தெரியாது. அத்தகைய கரையில் 90 செ.மீ. ஏறும் நீர், ஒரு மணியில் 90 மீட்டர் உள்ளே வந்துவிடும். கழிமுகப் பாலங்களில் வேலை பார்த்த எங்களுக்கு ரயில் அட்டவணையும் ஓத அட்டவணையும் ஒரே மேஜையில்தான் இருக்கும். ரயில் தாமதமாக வரலாம். கடல் வராது.

கோட்டைக்கு நடந்து செல்வோர்

அலிபாக் கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் குலாபா கோட்டை 1680-இல் சத்ரபதி சிவாஜி எழுப்பத் தொடங்கியது. பின்னர் கான்ஹோஜி ஆங்கரேயின் கடற்படைத் தளமாக விளங்கியது. பெரும் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிய மதிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இடுக்குகளில் நீர் புகுந்து வெளியேறுவதால் அலையின் மோதல் தணிகிறது. உள்ளே விநாயகர் கோயிலும், உப்பு நீர் சூழ்ந்த இடத்தில் நன்னீர்க் குளமும் உண்டு.

இறக்கத்தின்போது கோட்டைக்கு நடந்தே போகலாம். குதிரை வண்டியும் உண்டு. இறக்கத்துக்கு ஒரு மணி முன்னால் கரையை விடுங்கள். இறக்கம் முடிந்து ஒரு மணிக்குள் கரை திரும்பிவிடுங்கள். மணல் எங்கும் ஒரே மட்டமாக இராது. பள்ளங்கள் முதலில் நிரம்பும். கோட்டைப் பக்கம் கால் நனையாமல் நிற்கும்போதே, நமக்கும் கரைக்கும் நடுவே இடுப்பளவு நீர் ஓடலாம். அப்படி ஆகிவிட்டால் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கடக்க முயலாதீர்கள். கோட்டைக்குள்ளேயே அடுத்த இறக்கம் வரை காத்திருங்கள், அல்லது படகு அழையுங்கள்.

துவிதியை முதல் பஞ்சமி வரை இதற்கு ஏற்ற நாட்கள். இறக்கமும் பெரிது, நேரமும் காலை எட்டிலிருந்து பத்துக்குள் அமையும்.

கூடாரம் அடிப்போர்

பௌர்ணமி நிலவில் கடற்கரையில் தங்க எல்லோருக்கும் ஆசை. அன்று மாலை ஆறு மணிக்கு இறக்கம். மணல் மைதானம்போல் விரிந்து கிடக்கும். நடுவில் கூடாரம் அடிக்கத் தோன்றும். ஏற்றம் எப்போது? நள்ளிரவு, எல்லோரும் உறங்கும் நேரத்தில்.

எனவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. பாசி, சிப்பி, குப்பை வரிசையாக ஒதுங்கிய கோடு முந்தைய ஏற்றத்தின் எல்லை. அதற்கு வெகுவாக மேலே, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் தங்குங்கள். நாகாவில் தென்னை, பாக்குத் தோட்டங்களை 'வாடி' என்பார்கள். உரிமையாளரிடம் கேட்டு அங்கே தங்குவது இன்னும் நல்லது.

2. மணலில் முளை நிற்காது. ஒரு கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, குறுக்காக முழ ஆழத்தில் புதைத்து மணலை மிதித்துவிடுங்கள். காற்றுக்கு அசையாது.

3. காரை மணலில் இறக்காதீர்கள். சக்கரம் புதைந்தால் கடல் காத்திராது.

4. நீர் இறங்கும் வேளையில் நீந்த வேண்டாம். இழுப்பு கடலை நோக்கியே இருக்கும். பிள்ளைகளுக்கு எப்போதும் முழங்கால் அளவே எல்லை. ஒரு பெரியவர் வேறு வேலையின்றி அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

5. சவுக்குச் சருகு எளிதில் பற்றும். மரத்தடியில் அடுப்பு மூட்டாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் அனைத்தும் வீடு திரும்ப வேண்டும்.

6. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலக் கடல் கொந்தளிக்கும். அப்போது இந்தக் கணக்கை நம்பி நீரில் இறங்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கணக்கு

தசமியன்று கோட்டைக்குப் போக நேரம் எது? போகலாமா?

விடை: 10 x 3/4 = 7 1/2. காலை 7.30-க்கு ஏற்றம், பிற்பகல் 1.45-க்கு இறக்கம். நேரம் வசதிதான். ஆனால் அஷ்டமி கழிந்து இரண்டே நாள் ஆவதால் நீர் முழுதும் வடியாது. நடந்து போகலாமா என்பதைக் கரையில் உள்ளவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அடுத்த விடுமுறைக்கு நாள் குறிக்கும்போது காலண்டரைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். எந்த நாளில் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும். தாமே கணக்கிட்ட நேரத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள்.