ஜோகூரில் வீடு, சிங்கப்பூரில் கடை

"ஜோகூர் பாருவில் வீடு எடுத்துக்கொண்டு சிங்கப்பூரில் கடையைப் பார்த்தால் என்ன? வாடகையில் நல்ல மிச்சமாமே!" என்று நம் சகோதர வியாபாரிகள் கேட்காத வாரமில்லை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட ஒருதரம் எழுதிவிடுவது நலமென்று இதை எழுதுகிறோம். நாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டும் கண்டவர்கள். ஆயினும் கல்லாப்பெட்டிக் கணக்குத் தெரியும். 2017 முதல் பாலத்துக்கு அந்தப்புறம் குடித்தனம், இந்தப்புறம் வியாபாரம் என்று நடத்திப் பார்த்த அனுபவமும் உண்டு.

மலிவு என்பது மெய்தான், அதை மறுப்பதற்கில்லை. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாய் மாறின. அவ்வாண்டு அந்த ஏற்பாடு முடிந்தபின் சிங்கப்பூர் வெள்ளி ஏறிக்கொண்டே போயிற்று. 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட் வரை கிடைத்தது. ஆனால் 2025 முடிவில் அது மூன்றேகாலுக்கும் கீழே வந்துவிட்டதைக் கவனிக்கவேண்டும். மூன்றரையில் போட்ட பட்ஜெட் மூன்றேகாலில் பொருந்தாது. வெள்ளியில் சம்பாதித்து ரிங்கிட்டில் செலவழிப்பவர், தாம் அறியாமலே நாணய வியாபாரமும் செய்கிறார்.

நிற்க. நம் சொந்தக் கணக்கைச் சொல்லுகிறோம். லார்க்கின் பக்கம் மூன்று அறை வீட்டுக்கு மாதம் 1,100 ரிங்கிட் பேசினோம். அன்றைய மதிப்பில் 355 வெள்ளி சுமார். சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருந்த அடுக்குமாடி வீட்டுக்கு 1,700 வெள்ளி கொடுத்துவந்தோம். மாதம் 1,350 வெள்ளி மிச்சமென்று மனம் துள்ளியது. இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதப் பணம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதத் தொகையை எண்ணிக் கொடுத்தோம். (அதற்குமுன் ஓர் ஏஜெண்டிடம், வீட்டுக்காரரை நேரில் பாராமலே 500 ரிங்கிட் கொடுத்து ஏமாந்த கதை வேறு. வீட்டுக்காரர் கையெழுத்தில்லாமல், ஸ்டாம்ப் டூட்டி கட்டிய ஒப்பந்தமில்லாமல் ஒரு காசும் கொடாதீர்கள்.)

மிச்சம் எங்கே போயிற்று என்று பார்ப்போம். லார்க்கினிலிருந்து 170-ம் நம்பர் பஸ் குவீன் ஸ்ட்ரீட் வரை வருகிறது. ஒரே பஸ்தானே என்று எண்ணவேண்டாம். ஜோகூர் இமிகிரேஷனில் இறங்கி வரிசை. மறுபடி பஸ்ஸுக்கு வரிசை. ஒரு கிலோமீட்டர் சொச்சமுள்ள பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸில் மறுபடி இறங்கி வரிசை. காலை எட்டரைக்குக் கடை திறக்க ஐந்தரைக்கே புறப்படவேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை மாலையும் பள்ளி விடுமுறைகளும் வந்தால் கேட்கவே வேண்டாம். 2015 முதல் ஓடும் தெப்ராவ் ரெயில் ஐந்து நிமிஷத்தில் கடத்திவிடுகிறது, டிக்கெட் கிடைத்தால்! அதிலும் ஜோகூரிலிருந்து வர ஐந்து ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து போக ஐந்து வெள்ளி. மோட்டார் சைக்கிள் வாங்கலாமென்றால், நம்மைப்போன்ற சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசிய நம்பர் வண்டியைச் சிங்கப்பூருக்குள் ஓட்டச் சட்டம் இடந்தராது.

போக வர நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம். மாதம் 26 நாளைக்கு 130 மணி. பயணச் செலவு 150 வெள்ளி. இரவு பதினொரு மணிவரை திறந்திருந்த கடையை ஒன்பதுக்கே விட்டுவர வேண்டியிருந்ததால், பின்னேர வியாபாரத்தைப் பார்க்க ஆளுக்கு அதிகப்படி 600 வெள்ளி. கழித்துப் பாருங்கள்: கையில் நின்றது 600. அந்த 600-ஐ 130 மணிக்கு வகுத்தால் மணிக்கு நாலரை வெள்ளிக்குச் சற்று மேல். நம் கடையில் மூட்டை இறக்க வருபவருக்கு நாம் இதைவிட அதிகம் கொடுக்கிறோம்!

பாஸ் விஷயத்தைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டார் மலேசியக் குடிமகள். ஆகவே கணவருக்குரிய நீண்டகால விசிட் பாஸ் நமக்குக் கிடைத்தது. அப்படி உறவில்லாதவருக்கு வாசலில் குத்தப்படுவது விருந்தாளி முத்திரை. முப்பது நாளுக்கொருமுறை போய்த் திரும்பினால் போதுமென்று சொல்வோர் சொல்லட்டும், ஒருநாள் அதிகாரி "நீர் இங்கே குடியிருக்கிறீரா?" என்று கேட்டால் பதிலில்லை. 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' திட்டத்துக்கு 2024 விதிப்படி சில்வர் வகுப்பிலேயே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்பு வேண்டும், வீடும் வாங்கவேண்டும். அது நம் போன்ற சில்லறைக் கடைக்காரருக்கு அல்ல. ஊரிலிருந்து வேலைப் பெர்மிட்டில் ஆள் எடுத்திருக்கும் முதலாளிமார், அவர்களை ஜோகூரில் தங்கவைத்து வாடகை மிச்சம் பிடிக்கவும் நினைக்கவேண்டாம். அவர்களுக்குச் சிங்கப்பூரில் முறையான இருப்பிடம் காட்டுவது முதலாளியின் கடமை.

இனிச் சொல்வது எந்தக் கணக்கிலும் வராதது. 2020 மார்ச் 16 இரவு, பதினெட்டாந் தேதி முதல் மலேசிய எல்லை மூடப்படுமென்று அறிவிப்பு வந்தது. 31 வரைதானே, இரண்டு வாரம் கடை மாடியில் படுத்துக்கொள்ளலாமென்று மறுநாள் மாலை இரண்டு ஜோடி உடுப்போடு பாலத்தைக் கடந்தோம். அன்று பையும் தலையணையுமாக வந்தவர் கூட்டம் கண்ணைவிட்டு மறையவில்லை. எல்லை முழுதும் திறந்தது 2022 ஏப்ரல் 1-ல். இடையில் போகவே முடியாதென்றில்லை. போனால் அங்கே இரண்டு வாரம், திரும்பினால் இங்கே இரண்டு வாரம் தனிமையில் இருக்கவேண்டும். மளிகைக் கடையை அத்தனை நாள் யார் பார்ப்பது? இரண்டு இடத்துக்கும் செலவு ஓடியது. திரும்பிப் போனபோது கடைக்குட்டிக்கு நாலு வயது. தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அத்தா போனுக்குள்ளதானே இருப்பாங்க?" என்று கேட்டான்.

ஆகவே போகவே கூடாதென்று சொல்லவில்லை. அங்கே சரக்கு எடுப்பவர், வீட்டில் மலேசிய உறவு உள்ளவர், வாரம் மூன்று நாள் மட்டும் கடைக்கு வந்தால் போதுமென்ற நிலையிலுள்ளவர் ஆகியோருக்கு லாபமே. எவரானாலும் வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன், ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கி, புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் நோட்டில் குறித்துப் பாருங்கள். வழிச்செலவோடு, கடை மூடிய நேரத்தின் நஷ்டத்தையும் எழுதுங்கள்.

நாம் இப்போது வாரத்தில் நாலு இரவு கடை மாடியிலும் மூன்று இரவு வீட்டிலுமாக இருக்கிறோம். புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே ஆர்டிஎஸ் ரெயில் பாதை வேலை 2020-ல் தொடங்கியது. 2026 முடிவில் ஓடவேண்டுமென்பது இரு அரசாங்கங்களும் வைத்த இலக்கு. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றவும், புறப்படும் இடத்திலேயே இரு நாட்டு இமிகிரேஷனையும் முடிக்கவும் ஏற்பாடு. அதில் ஒருமாதம் போய்வந்தபின் 130 மணி எத்தனையாகக் குறைகிறதென்று பார்த்து மறுபடி எழுதுகிறோம். பழைய கணக்கு நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.