நியூட்ரல்ல விட்டா மிச்சமாம்!

சித்திரை பிறந்துவிட்டால் பட்டறைக்கு வரும் கார்களை நான் முதலில் மூக்கால்தான் பார்ப்பேன். போடிமெட்டிலிருந்தோ குமுளியிலிருந்தோ இறங்கி வந்த வண்டி என்றால் வாசலிலேயே தெரிந்துவிடும். தீய்ந்துபோன ஒரு நெடி. ஓட்டி வந்தவர் கவலையோடு இறங்குவார். "ஒரு வாடை அடிக்குதுண்ணே, கிளட்ச் போயிருச்சா பாருங்க." கிளட்ச் இல்லை தம்பி, பிரேக். "அதெப்படிண்ணே? மேலயிருந்து நியூட்ரல்லதானே வந்தேன்!"

அந்த 'தானே'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செய்த தப்பையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

மதுரை, விருதுநகர், திருச்சியிலிருந்தெல்லாம் இப்போது மூன்று நாள் திட்டம் போட்டு வருகிறார்கள். போடி வழியாக ஏறி மூணாறு, இரவிகுளம் தேசியப் பூங்கா, அங்கிருந்து தேக்கடி, குமுளியில் இறங்கிக் கம்பம், சின்னமனூரிலிருந்து மேகமலை. நல்ல சுற்றுதான். ஆனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு, மேகமலையில் 18. அத்தனையிலும் கியரை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லி வைத்திருக்கிறான்.

இந்தக் கதைக்கு ஒரு பூர்வீகம் உண்டு, மறுக்கவில்லை. அம்பாசிடரும் பழைய ஜீப்பும் ஓடிய காலத்தில் கார்புரேட்டர்தான். கியரில் இறங்கினாலும் எஞ்சின் சுற்றுகிற சுற்றுக்கு அது பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கு நியூட்ரலில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். இன்றைய வண்டியில் இருப்பது இன்ஜெக்டர்; அதை ஆட்டிவைப்பது ஒரு கம்ப்யூட்டர். கியர் விழுந்திருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களானால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது என்று அது கண்டுபிடித்து எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணைந்துவிடாமல் ஐடிலில் ஓடவேண்டும். அதற்குப் பெட்ரோல் ஊற்றியே ஆகவேண்டும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறீர்கள். சரி, அப்படியே மிஞ்சுவதாக வைத்துக்கொண்டாலும் எவ்வளவு? சின்னக் கார் ஐடிலில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டர்கூடக் குடிக்காது. குடும்பத்தோடு டீ குடிக்கிற காசு.

இப்போது இன்னொரு பக்கத்துக் கணக்கு. ஆட்களோடும் மூட்டைகளோடும் உங்கள் கார் 1,500 கிலோ என்று வையுங்கள். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறக்கம் ஏறக்குறைய 1,000 மீட்டர். அத்தனை எடை அத்தனை உயரத்திலிருந்து இறங்கும்போது அந்தச் சக்தி எங்கேயாவது போயாகவேண்டும். கால் பங்கைக் காற்றும் டயரும் தின்றுவிடட்டும். மீதி இருக்கிற சூடு, 35 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இரண்டு குடத்துக்கு மேல்! கியரில் வந்தால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் மொத்தமும் முன்னால் இருக்கிற இரண்டு டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கிற இரண்டு டிரம்முக்கும்தான். முன் டிஸ்க் வீட்டுத் தோசைக்கல் அளவுகூட இராது.

சூடு முதலில் பேடைத் தீய்க்கும், பிடிமானம் குறையும். அப்புறம் பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற சாதி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்பதே அதற்கு வைத்திருக்கும் அளவுகோல். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகும்; வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொன்னால், "ஆயில் நிறையத்தானே இருக்கு" என்று டப்பாவைக் காட்டுகிறார்கள். இருக்கிறதா என்றா கேட்டேன்?

இதைவிடக் கெட்டிக்காரர்கள் சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு உயிர் இல்லை. இரண்டு மூன்று மிதிக்கு மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும். சாவியை உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் இதெல்லாம் தேவையா?

ஏறின கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். அவ்வளவுதான் பாடம். இரண்டாவது கியரில் ஏறின மேட்டை இரண்டாவதிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' என்றோ '2' என்றோ போட்டிருக்கிறார்களே, அது இதற்காகத்தான். பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒன்று: மூணாறில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி இறக்கத்துச் சக்தியை வாங்காது. உங்கள் பாடும் பிரேக்கோடுதான்.

நெடி அடித்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வைத்தவர்கள் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் விட்டுப்போன கல்லில் இரவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பும் ஜீப்போ, பைக்கோ ஏறுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்றொரு மலைச்சாலை. இறங்கி வருகிற கார்களைப் பாதி வழியில் நிறுத்தி, பிரேக் சூட்டைக் கருவியால் அளப்பார்கள். கூடுதலாக இருந்தால் ஓரங்கட்டி ஆறவைத்துத்தான் விடுவார்கள். நாம் கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினோமே, அதே மாதிரிக் கருவிதான். பட்டறைக்கு உரிய வகை, ஒன்றும் பெரிய விலை இல்லை. நம் சோதனைச் சாவடிகளில் பாட்டிலைத் தேடுகிறார்கள், பிளாஸ்டிக்கைத் தேடுகிறார்கள். தேடட்டும். கூடவே சக்கரத்தையும் ஒரு தடவை பார்த்தால் என்ன? போடிமெட்டு இறக்கத்தில் ஒன்று, குமுளி இறக்கத்தில் இரைச்சல் பாலத்துக்கு மேலே ஒன்று. பத்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு ஆயில் மாற்றாமலே போகிறார்கள். அந்தப் பாலத்துப் பக்கம்தான் 2022 டிசம்பர் 23 இரவு சபரிமலையிலிருந்து திரும்பிய கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து, ஆண்டிப்பட்டிப் பக்கத்துக்காரர்கள் எட்டுப் பேர் போனார்கள். அது எதனால் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. "நம்ம ஊரு மலைதானே, சின்னது" என்கிற வாயை மூடத்தான் சொல்கிறேன்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். வெயில் காலத்தில் டயரில் காற்றைக் குறைக்கவேண்டுமாம். தலைகீழ்! காற்றுக் குறைந்த டயர்தான் நெளிந்து நெளிந்து சூடாகும். காலையில், வண்டி கிளம்புமுன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள்.

மலைச்சாலையில் இறங்குகிறவனுக்குத்தான் வழி என்கிறார்கள். இல்லை, ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தானே இருக்கிறது, குரங்கணியிலிருந்து காரில் போய்விடலாம் என்று மேப்பைக் காட்டுகிறார்கள். கார்ச்சாலை கிடையாது. போடிமெட்டு ஏறி, கேரளத்துச் சூரியநெல்லி போய், அங்கே ஜீப் பிடிக்கவேண்டும். குரங்கணிப் பக்கம் இருப்பது காட்டுப் பாதை. கோடைக் காய்ச்சலில் அந்த மலைப்புல் எப்படி எரியும் என்பதை 2018 மார்ச் 11 காட்டியது, 23 உயிர். அதற்குப் பிறகும் கேம்ப் ஃபயர் கேட்கிறவர்களை என்ன சொல்ல?

மேகமலைக்கு எந்த நேரமும் போகலாம் என்பதும் பொய். அது 2021 முதல் புலிகள் காப்பகம். இருட்டினால் சாவடியில் விடமாட்டார்கள். யானை வந்தால் பகலிலும் மூடுவார்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள்ளேயே நடந்து போனதை மறந்துவிட்டீர்களா?

பெரியகுளம் அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் போனால் இ-பாஸ் தேவையில்லையாம். பாஸ் ஊருக்குத்தான், ரோட்டுக்கு இல்லை.

கடைசியாக, "மூணாறில் குறிஞ்சி பூத்துவிட்டது, உடனே கிளம்புங்கள்" என்று வருடா வருடம் போனில் வரும் படம். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. பன்னிரண்டு வருடக் கணக்கு, அடுத்தது 2030. இடையில் அங்கங்கே பூப்பது அதன் சொந்தக்காரச் செடிகளோ, வருடக் கணக்கு வேறான சின்னக் கூட்டமோதான். 2030-ல் போடிமெட்டில் வண்டி வரிசை நிற்கும். அதற்குள் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.