கொல்லைப்புற விறகு அடுப்பு: கட்டுதலும் பேணுதலும்

தோட்டக் குடியிருப்புகளுக்குச் சமையல் எரிவாயு வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. எனினும், விருந்து நாள்களில் பெரிய அண்டாவில் சோறு வடிக்கவும், மழைக்காலக் காலைகளில் வெந்நீர் வைக்கவும், கொல்லையில் மூன்று கற்களைக் கூட்டி விறகு எரிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறைந்துவிடவில்லை. மறுநடவுக்காக வீழ்த்தப்படும் இரப்பர் மரத்தின் கிளைகள் அருகிலேயே கிடைக்கையில் இது இயல்பேயாகும். அவ்விறகைக் குறைந்த புகையுடன் எரிப்பது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம்.

குளிர்நாடுகள் சிலவற்றில் வீட்டுக்கு வெளியே விறகு உலை அமைத்து, அதில் காய்ந்த நீரைக் குழாய் வழியே உள்ளே செலுத்தி அறைகளைச் சூடாக்குகின்றனர். ஜொகூரில் வாழும் நமக்கு அறைச்சூடு தேவையில்லை. ஆயினும், நெருப்பு வெளியே இருக்கட்டும், பயன் மட்டும் வீட்டுக்குள் வரட்டும் என்னும் கருத்து நமக்கும் பொருந்தும்.

புகை என்பது யாது?

விறகு சூடேறும்போது அதிலிருந்து ஆவிகள் வெளிப்படுகின்றன. போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் அவை சுவாலையாக எரியும். கிடைக்காவிடில் புகையாக வெளியேறும். ஆகவே, புகை என்பது பெருமளவில் எரியாமல் வீணாகும் எரிபொருளே. இரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில் நமக்குப் புகை வேண்டும். அதனால் அங்கே உலையின் காற்றைக் குறைத்து விறகைக் கனியவிடுவர். வீட்டு அடுப்பிலோ அதற்கு நேர்மாறாகச் செய்தல் வேண்டும்.

வீட்டு எரிபொருள்களின் புகையால் உண்டாகும் காற்று மாசு, 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் உயிரைப் பறித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே நெடுநேரம் நிற்கும் தாய்மாரும், அவர்தம் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுமே இப்புகையை மிகுதியாகச் சுவாசிக்கின்றனர்.

கட்டும் முறை

முதலில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுக. பலகைச் சுவர், துணிக்கொடி, எரிவாயுத் தோம்பு ஆகியவற்றிலிருந்து நன்கு விலகிய மேட்டு நிலத்தைத் தேர்க.

செங்கற்களைக் களிமண்ணும் மணலும் கலந்த சாந்தினால் இணைத்து, இரண்டு வாய்கள் கொண்ட மேடையாகக் கட்டுக. முதல் வாயின்கீழ் நெருப்பறையும், அதன் அடியில் இரும்புச் சல்லடையும், சல்லடைக்குக் கீழே காற்று புகும் வழியும் அமைதல் வேண்டும். நெருப்பறையிலிருந்து செல்லும் வெப்பம் இரண்டாம் வாயின் அடியில் தவழ்ந்து, பின்னர்ப் புகைபோக்கியை அடையும். முதல் வாயில் சோறு வேகும்போதே இரண்டாம் வாயில் குளிப்பதற்கு நீர் காயும். அதற்கெனத் தனி விறகு வேண்டுவதில்லை.

உட்பூச்சுக்கும் களிமண் சாந்தே ஏற்றது. சிமெண்டுப் பூச்சு கடும் வெப்பத்தில் வெடித்து உதிரும். ஆற்றுக் கற்களும் ஆகா. அவற்றினுள் தங்கிய ஈரம் ஆவியாகிக் கல்லையே பிளக்கக்கூடும். புகைபோக்கிக்கு இரும்புத் தகட்டுக் குழாயைப் பயன்படுத்துக. பழைய கல்நார்க் குழாய்கள் கிடைப்பினும் தொடாதீர்கள். அவற்றின் தூசு நுரையீரலுக்குக் கேடு தருவது. கட்டிய அடுப்பை நிழலில் நன்கு உலரவிட்டு, முதல் சில நாள்கள் சிறு நெருப்பே மூட்டுக.

எரிக்கும் முறை

புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீரேயாகும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிவிடும். எனவே விறகைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பல மாதங்கள் உலர்த்துக. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குவதால் அதற்கு முன்பே இப்பணியை முடித்தல் நலம். முனைகளில் வெடிப்பு தோன்றி, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும் விறகே காய்ந்த விறகு.

நெருப்பறையை அடைத்துத் திணிக்காதீர்கள். சிறு துண்டுகளாக அவ்வப்போது இடுக. ஒரு வாயில் பாத்திரம் இல்லையெனில் அதை மூடிவைக்க வேண்டும். இல்லையேல் புகைபோக்கியின் இழுப்பு கெடும். டயர்த் துண்டு, பிளாஸ்டிக், வண்ணம் பூசிய பலகை, மருந்திட்ட மரம் ஆகியவற்றை எரித்தால் நச்சுப்புகை எழும். அணைந்ததுபோல் தோன்றும் சாம்பலில் கங்குகள் மறுநாள்வரை உயிரோடிருக்கலாம். அதை மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் ஆறவிடுக. ஈரத்துணியை உலர்த்தக் கங்குச் சட்டியை அறைக்குள் கொண்டுவருதல் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோரை அது உறக்கத்திலேயே கொல்லும்.

பேணுதலே பெரும்பணி

இந்தியாவில் ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, 1950-களிலேயே புகைபோக்கியுள்ள மண் அடுப்பைப் பரப்ப முயன்றார். இந்திய அரசு 1983-இல் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை நடத்திற்று. எனினும் கட்டப்பட்ட அடுப்புகளுள் பல, பராமரிப்பின்றிப் பயனற்றுப் போயின.

இதன் காரணத்தைப் பின்னர் ஒடிசா மாநிலத்தில் நிகழ்ந்த ஆய்வு ஒன்று தெளிவாக்கியது. எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியல் அறிஞர்கள், புகைபோக்கியுள்ள மண் அடுப்புப் பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டுகள்வரை கவனித்தனர். முதலாண்டில் சமைப்போர் சுவாசித்த புகை குறைந்தது. பின்னரோ அந்நன்மை மறைந்தது. அடுப்புகளை மக்கள் ஒழுங்காகப் பயன்படுத்தவுமில்லை, செப்பனிடவுமில்லை.

இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. அடுப்பைக் கட்டுவது சில நாள் வேலை. அதைப் பேணுவதோ அன்றாடக் கடமை. ஒவ்வொரு முறையும் மூட்டுமுன் சாம்பலை அள்ளுக. மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியபின், புகைபோக்கியின் கரியை நீண்ட தூரிகையால் அகற்றுக. படிந்த கரி இழுப்பைக் குறைப்பதோடு தீப்பற்றவும் கூடும். வெடிப்பு கண்டவுடன் களிமண் பூசுக. இவ்வேலைகளைத் தாய்மார் தலையில் மட்டும் சுமத்தாமல், வீட்டின் ஆடவரும் பங்கேற்க வேண்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. புகைக்கூட உலைக்கும் வீட்டு அடுப்புக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஈரவிறகு ஏன் மிகுதியாகப் புகைகிறது?
3. உங்கள் வீட்டில் புகைபோக்கியைத் துடைக்கும் பொறுப்பை ஏற்கப்போகிறவர் யார்?

மூன்றாம் வினாவின் விடையைக் குடும்பத்தார் கூடி முடிவு செய்த பின்னரே முதற்செங்கல்லை வையுங்கள்.